பேனரில் இருந்த ஆப்பக்கடை

மில் வீதி முனையில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனரிலிருந்து ஆப்ப வாசனை வர ஆரம்பித்தது ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, காலை ஆறே கால் மணிக்கு. அன்றைக்குத் தக்காளி கிலோ நாற்பது ரூபாய். வீதிக்காரர்கள் காலி செய்துபோய் ஒன்பது மாதம் ஆகியிருந்ததால், அதை முதலில் மோந்தவன் புதிதாக வந்திருந்த காபி ஹோட்டலின் வாட்ச்மேன்தான். பேனரில் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்த பெண்ணின் சட்டியிலிருந்து ஆவி வந்தது. அவன் பார்த்துவிட்டு வாசல் பெருக்கப் போனான்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் மில்லோடு சேர்த்துக் கட்டிய அறுபத்திரண்டு வீடுகள் அவை. மில்லை மூடியபோது நூல் பிரிவில் வேலை செய்த செல்வாம்பாள் எங்கும் போகவில்லை. கேட்டுக்கு எதிரிலேயே ஆப்பச்சட்டியை வைத்து உட்கார்ந்துவிட்டாள். திறக்கச் சொல்லி நடந்த நாற்பத்துமூன்று நாள் போராட்டத்தில் சங்கச் செயலாளர் நெடுமாறன் தின்றதெல்லாம் அவள் சுட்டதுதான். மில் பிழைக்கவில்லை, நெடுமாறன் பிழைத்துக்கொண்டான். போராட்டப் பந்தலை விட்டு எழுந்தபோது கட்சிக்காரனாக எழுந்தான். உள்ளாட்சித் தேர்தலே வருடக்கணக்கில் நடக்காத ஊரில் கவுன்சிலர் என்று ஒருவர் இருக்க வழியில்லை. ஆனாலும் எல்லோரும் அவனைக் கவுன்சிலர் என்றே கூப்பிட்டார்கள், அவனும் திரும்பிப் பார்த்தான்.

மில்லையும் வீதியையும் பழமை மாறாமல் புதுப்பிக்கப் போகிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவன் அவன்தான். வரப்போகிற வீதியைப் படமாகப் போடவேண்டும் என்று புதுப்பிக்கிற கம்பெனியின் ஆட்கள் எல்லோரையும் போட்டோ எடுத்தார்கள். கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோல வீதியே கிளம்பி நின்றது. செல்வாம்பாள் மகள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு சட்டி முன்னால் உட்கார்ந்தாள். பட்டுப்புடவையில் யாராவது ஆப்பம் சுடுவார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. பேனர் வந்தது. அதில் மஞ்சள் சுவர், கருங்கல் தரை, ஒரு மரம், மரத்தடியில் செல்வாம்பாள், சுற்றிலும் வீதிக்காரர்கள். பேனருக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். படத்தில் ஏறிய இடத்தை இனி யார் பிடுங்க முடியும் என்று வீதி நம்பியது.

“பேனர்ல இருந்தா ஆச்சா? நொத்தேர் கிட்டப் போயி எழுதி வாங்குங்கடா” என்றார் பழைய மில் மேஸ்திரி பக்கிரி. பத்திரம் எழுதுகிறவரை அவர் இன்னும் பிரெஞ்சுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வீதி சிரித்தது.

“எடம் எங்கக்கா பூடும்? உன்னத்தான முன்னால வெச்சிருக்கு” என்றான் நெடுமாறன், செல்வாம்பாளிடம். “ஆறு மாசம் மூலக்குளத்துக்கு அந்தாண்ட குடுக்குற வூட்ல இரு. வேல முடிஞ்சதும் நானே வந்து கூட்டியாறேன்.”

அவன் நீட்டிய தாளை அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். எழுத்துத் தெரியாமல் இல்லை. அவன் எதிரில் உட்கார்ந்து படித்தால் அவனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமே என்று கூச்சப்பட்டாள். அவள் போட்டதைப் பார்த்து மற்ற அறுபத்தோரு வீடும் போட்டது, பக்கிரி உட்பட.

கொடுத்த வீடு மூன்றாம் மாடி. ஆப்பம் தின்ன யாரும் மூன்று மாடி ஏறுவதில்லை. ஆறு மாதமும் ஆனது, கூட்டிப்போக ஆள் வரவில்லை. அவளே பஸ் ஏறி வந்தாள். மஞ்சள் சுவர் இருந்தது, கருங்கல் தரை இருந்தது, மரமும் இருந்தது. படத்தில் இருந்த எல்லாமே வந்திருந்தன, வீதிக்காரர்களையும் அவளையும் தவிர. மரத்தடியில் காபி ஹோட்டலின் இரும்பு நாற்காலிகள் கிடந்தன. ஹோட்டல் நெடுமாறனின் மச்சான் பெயரில் இருந்தது. நெடுமாறன் உள்ளேயிருந்து வந்தான்.

“எடம் வேணாம்னு நீதானக்கா எழுதிக் குடுத்துட்ட. நான் இன்னா பண்றது?”

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள். இவன் செய்தது உண்ட சட்டிக்கே ரெண்டகம். செல்வாம்பாள் “நாப்பத்துமூணு நாளு, தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் அந்த வெள்ளிக்கிழமை. பேனரை ஹோட்டல்காரர்கள் ஒருமுறை கழற்றிப் பார்த்தார்கள். வெறும் கம்பத்திலும் வாசனை நின்றதால் திரும்பக் கட்டிவிட்டார்கள். வெயிலில் சாயம்கூடப் போகவில்லை. ஆறே காலுக்கு ஆவி கிளம்பும், ஒன்பதுக்கு நிற்கும். படத்தில் இருந்த வீதிக்காரர்கள் கல்யாணத் துணியோடு படத்துக்குள்ளேயே வரிசையில் வந்து வாங்கித் தின்றார்கள். மூன்றாம் மாடியில் இதைக் கேள்விப்பட்ட செல்வாம்பாள் ஆச்சரியப்படவில்லை. “பட்டுல எண்ண படாம பாத்துக்கச் சொல்லு” என்றாள்.

ஆவணி பிறந்ததும் அந்த வாசனையை நெடுமாறனால் தாங்க முடியவில்லை. வெள்ளைச் சட்டையோடு பேனர் எதிரில் வந்து நின்று, “அக்கா, ரெண்டு ஆப்பம்” என்றான். படத்தில் இருந்தவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். சட்டியை மூடினாள். பட்டுப்புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

மற்றவர்கள் பார்த்தால் இன்றைக்கும் அவள் முகம் தெரிகிறது. அவன் வந்தால் மட்டும் முதுகு. தினமும் வருகிறான். அவன் நிற்கிற இடத்தை வாட்ச்மேன் கடைசியாகப் பெருக்குகிறான்.