முப்பத்தாறு பல்

என் தங்கைக்குச் சேறு என்றால் உயிர். சைக்ளோகிராஸ் பந்தயத்தை அவளுக்காகவே கண்டுபிடித்திருப்பார்கள் போல. சேற்றிலும் மணலிலும் மிதிக்க வேண்டும், தடுப்பு வந்தால் குதித்திறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், மறுபடி ஏற வேண்டும். அழுக்குத் துணி துவைக்கிற பொறுப்பு மட்டும் என்னுடையது.

மெக்கானிக்கும் நான்தான். கியர் விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைக்கவில்லை. முன்னால், பெடலோடு சுற்றும் பல் சக்கரம், அதாவது செயின் வீல், இரண்டு கேட்டாள். சேறு அடைத்துக்கொள்ளும், ஒன்றே போதும் என்று ஒரு வாரம் மல்லுக்கட்டி ஜெயித்தேன். முன்னால் நாற்பது பல், பின்னால் பெரியது முப்பத்திரண்டு பல். அவள் காலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

பந்தயங்கள் தொடங்கிய மூன்றாவது வாரம், மேடு கனக்கிறது என்று வந்து நின்றாள். முன் வீலில் பல் குறைந்தால் மிதி லேசாகும், பின்னால் கூடினாலும் அப்படித்தான். நாற்பதைக் கழற்றி முப்பத்தெட்டு போட்டேன். அடுத்த ஞாயிறு சிரித்துக்கொண்டே வந்தாள். ஒரு மாதத்தில் மறுபடி அதே புகார். பின்னால் நாற்பத்திரண்டு பல் வைத்தேன், அதற்குத் தோதாகச் செயினை நீட்டினேன். மறுபடியும் சிரித்தாள். அவளுடைய இடது ஷூவின் முனை மட்டும் தேய்ந்திருந்ததையும் பார்த்தேன். ஷூவின் அடியில் இருக்கும், பெடலில் மாட்டும் கொக்கியை நகர்த்தி வைத்தேன். டாக்டரிடம் காட்டச் சொன்ன பயிற்சியாளரிடம், உங்களுக்குக் கியரைப் பற்றி என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன்.

நான்காவது மாதம், தடுப்பின் முன்னால் சைக்கிளைத் தோளில் தூக்கியவள் கால் மடங்கி விழுந்தாள். எழுந்திருக்கவில்லை.

முதுகுத்தண்டுக்குள் கட்டி. புற்று இல்லையாம், மெல்ல வளர்ந்து நரம்பை நெரித்திருக்கிறது. எடுத்துவிட்டார்கள். காலுக்கு மட்டும் பலம் திரும்பவில்லை.

தளர்ச்சி எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். அவளுக்கு நினைவில்லை. எனக்குத் தெரியும். என் சைக்கிள் கடையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அட்டை உண்டு. எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று தேதி போட்டு எழுதுவேன். அவளுடைய அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அவளுடைய நோய் முழுக்க என் கையெழுத்தில் இருந்தது.

"ரெண்டாவது தடவை கனக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, இந்தத் தேதியில கூட்டிட்டு வந்திருந்தா நடந்திருப்பாங்க," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வார்டுக்குள் போனேன். அட்டையைப் பற்றி அவளிடம் யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். போர்வைக்கு மேல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மேல தப்பில்லண்ணா. நீ மாத்திக் குடுத்தப்பெல்லாம் எனக்கு நல்லாத்தான இருந்துச்சு."

நன்றாக இருந்ததால்தான் நாங்கள் யாரிடமும் போகவில்லை.

கடையில் அவளுடைய சைக்கிள் இன்னும் கொக்கியில் தொங்குகிறது. செயினில் அன்றைய சேறு காய்ந்திருக்கிறது. மேசைமேல் பிரிக்காத ஒரு பெட்டி, உள்ளே முப்பத்தாறு பல் செயின் வீல். அட்டையின் கடைசி வரியை அவள் விழுந்த அன்று காலையில் எழுதியிருக்கிறேன்: மேடு கனக்கிறதாம், இன்னும் இரண்டு பல் குறைத்தால் சரியாகிவிடும்.