ஐந்துக்கு ஐந்து

எங்கள் மஸ்கட் மருத்துவமனையில் எடுத்த நர்ஸ்களுக்கான பணிச்சூழல் சர்வேயில் என் வார்டுதான் முதலிடம். ‘தலைமை நர்ஸ் எங்கள் குறையைக் கேட்கிறார்’ என்ற வரிக்கு எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள். அந்தத் தலைமை நர்ஸ் நான்தான்.

இன்று என் வார்டு நர்ஸ், பிலிப்பைன்ஸ்காரி மாரிவிக், முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாத வலியாம்.

"ஏம்மா, எங்கிட்ட சொல்லவேயில்ல? சர்வேயில அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கியே?"

"காபியும் பேரீச்சம்பழமும் குடுத்து, எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னீங்களே மேடம். உபசரிக்கிறவங்க முகத்துக்கு நேரா எப்படிக் குறை எழுதுறது?"

விருந்தாளி ‘போதும்’ என்று காபிக் கோப்பையை ஆட்டிக் காட்டும்வரை ஊற்றுபவள் உட்காரக் கூடாது என்ற ஓமானிய வழக்கத்தில் வளர்ந்தவள் நான். உபசரிப்பு என்றே நின்றேன்.

சுவரில் முதலிடச் சான்றிதழ் தொங்கியது. நேற்று அதை மாட்ட, மாரிவிக்கைத்தான் ஸ்டூலில் ஏறச் சொல்லியிருந்தேன்.