நீலக் குறியை எடுக்காதீர்கள்

இளம் டாக்டர் சண்முகப்பிரியா நோயாளிக்கு முன்னால் கம்ப்யூட்டரைப் பார்த்து மருந்து எழுதுவது, தென்காசியில் அந்த ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் வீரபாகுவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நீலக் குறி இருக்கும். அதைத் தொட்டால், எதிரே இருக்கும் நோயாளியின் வயது, ரத்தப் பரிசோதனை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் பொருத்தமான தகவல் மட்டும் திறக்கும். பிரியா அதைத் தொடாமல் எழுதுவதில்லை.

"படிச்சிட்டுத்தானே வந்தே? சனம் என்ன நினைக்கும்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

அன்று ராயகிரியிலிருந்து கல்யாணசுந்தரி வந்திருந்தார். எலுமிச்சைத் தோட்டத்தைத் தனியாளாகப் பார்ப்பவர். சிறுநீரில் எரிச்சல், காய்ச்சல். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுவதும் பதிவில் இருந்தது. சிறுநீர்த் தொற்றுக்கு அந்த ஆஸ்பத்திரியில் வழக்கமாகத் தருவது கோட்ரைமாக்சசோல். பிரியா அதைத் தேர்ந்து, நீலக் குறியைத் தொட்டாள். இந்த இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதே நின்றுபோகலாம், சிறுநீரகம் தளர்ந்திருக்கும் இவருக்கு ஆபத்து அதிகம் என்று திரை சொன்னது.

"அங்கன என்னம்மா பாக்கிய?"

பிரியா திரையை அவர் பக்கம் திருப்பினாள். "உங்க மூட்டு மாத்திரையோட இது சேரக் கூடாதும்மா. வேற எழுதுதேன்."

அந்த நேரத்தில் வீரபாகு உள்ளே வந்தார். திரை திரும்பியிருந்ததைக் கண்டதும் முகம் மாறியது.

"நான் முப்பது வருஷமா குடுக்குத மருந்து இது. அதையே எழுது."

"எழுத மாட்டேன், சார்."

"என்ன சொல்லுதே?"

"நீங்க படிச்சுப் பாருங்க. அப்புறமும் குடுக்கணும்னா உங்க கையெழுத்துல குடுங்க."

அவர் நின்றபடியே படித்தார். மருந்தை மாற்று என்று மட்டும் சொல்லவில்லை. பிரியாவே மாற்றி எழுதி, ரத்தப் பரிசோதனைக்கும் சீட்டுக் கொடுத்தாள். கல்யாணசுந்தரி அதை வாங்கிக்கொண்டு, வீரபாகுவின் முகத்தைப் பார்த்தே, "எனக்கு இனிமே பாத்து எழுதுத டாக்டர்தான் வேணும்" என்றுவிட்டுப் போனார்.

மதியத்துக்கு மேல் வீரபாகு கம்ப்யூட்டர் பிரிவு உமாசங்கரைக் கூப்பிட்டு, அந்தக் குறியை எல்லா இடத்திலும் எடுத்துவிடச் சொன்னார். கேள்விப்பட்ட பிரியா நேராக அவர் அறைக்குப் போனாள்.

"எடுக்கச் சொல்லி எழுத்துல ஆர்டர் போடுங்க, சார். என்ன காரணம்னும் எழுதுங்க. நாளைக்கு யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா நான் காட்டணும்ல."

"மிரட்டுதியா?"

"இல்ல சார். எனக்குத் தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமில்ல. பாக்காம எழுதத்தான் பயம்."

அவர் ஆர்டர் போடவில்லை. குறியும் போகவில்லை. ஆனால் மறுநாளே குற்றாலக் கிளைக்கு அவளை மாற்றினார். சீசன் கூட்டம், வழுக்கி விழுந்தவர்களும் வயிற்றுப்போக்குக்காரர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். மூன்று பேர் பார்க்கிற வேலையை அவள் ஒருத்தி பார்க்க வேண்டும். அலுத்துப்போய்த் தானாக வேலையை விடுவாள் என்பது அவர் கணக்கு.

ஈரத் தலையோடு நெருக்கியடித்து நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அங்கே குறி வேலை செய்யவில்லை. உடனே உமாசங்கருக்குப் போன் போட்டாள்.

"இங்கன திறக்க மாட்டேங்குது. வந்து சரி பண்ணிக் குடுங்க. அதுவரைக்கும் மருந்து விவரத்தை என் போன்ல பாப்பேன். எல்லாரும் பாக்க வச்சுத்தான் பாப்பேன். பெரிய டாக்டர் கேட்டா இதையும் சொல்லிருங்க."

போனை மேஜைமேல் வைத்துவிட்டு முதல் ஆளைக் கூப்பிட்டாள்.