ஒரு வருடம் பிந்திய பிளஸ் ஒன்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் கங்கம்மா மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கட்டட வேலைக்குப் போகிறவள். அன்று வேலைக்குப் போகாமல், நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மகள் காந்திமதிதான் பள்ளியில் முதல் மார்க்.

முடிச்சூரைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த அந்த அரசுப் பள்ளியில் பத்தாவதோடு சரி. அதற்கு மேல் படிக்கத் தாம்பரம்தான் போகவேண்டும்.

"தாம்பரத்துல ஃபாரம் வாங்கி வச்சிகீறோம் டீச்சரம்மா. பொம்பளப் புள்ளயத் தினம் அந்தக் கூட்டத்துல பஸ் ஏத்தி அனுப்பணும்னாதான் பயமா கீது. நீங்க இன்னா சொல்றீங்க?"

தலைமையாசிரியை ரத்தினபாய் யோசிக்கவேயில்லை. "எதுக்கு அங்க போகணும்? இந்த வருஷமே நமக்கு பிளஸ் ஒன் வருது. ஆபீசர் வந்து பார்த்துட்டுப் போயாச்சு. ஜூலைல ஆர்டர் வந்துடும். காந்தி இங்கேயே படிக்கட்டும்."

பக்கத்தில் நின்ற கணக்கு வாத்தியார் சாம்பசிவன், அவர்கள் போனபிறகு மெல்லச் சொன்னார். "ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் சொல்ல முடியாது டீச்சர். அந்தப் பொண்ணு அங்க சேர்ந்துடட்டுமே."

"நல்லாப் படிக்கிற பிள்ளையே போயிட்டா மத்தவங்க நிப்பாங்களா சார்? ஆளே இல்லாம பிளஸ் ஒன் யாருக்கு?" என்றாள் ரத்தினபாய்.

ஜூலை போயிற்று. ஆர்டர் வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஆபீசில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆகஸ்டில் பயம் பிடித்துக்கொள்ள, ரத்தினபாய் தானே தாம்பரம் பள்ளிக்குப் போய்க் கேட்டாள். அங்கே அட்மிஷன் முடிந்திருந்தது. காத்திருந்த பிள்ளைகளில் சிலர் டுட்டோரியலில் சேர்ந்தார்கள், சிலர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். காந்திமதி மட்டும் காலையில் பள்ளிக்கு வந்து, வாத்தியார் இல்லாத சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொண்டாள். "ஆர்டர் எப்ப வரும் டீச்சர்?" என்று ஒரு நாளும் அவள் கேட்கவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஏரித் தண்ணீர் வகுப்பறைக்குள் வந்துவிட்டது. பெஞ்சுகளை மேடேற்றவும், கூரை போனவர்களுக்குப் பள்ளியிலேயே இடம் கொடுக்கவும் ரத்தினபாய்க்குப் பொழுது போதவில்லை. தண்ணீர் வடிந்து வகுப்புகள் தொடங்கியபிறகுதான், காந்திமதி வருவதில்லை என்பதே அவளுக்கு உறைத்தது. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏதோ துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்தாள். போகவில்லை.

ஆர்டர் மாசியில் வந்தது, அடுத்த ஜூனிலிருந்து என்று. ஆண்டு விழாவில் ரத்தினபாய் அறிக்கை வாசித்தாள். வெள்ளம் வந்தது, சயன்ஸ் டீச்சர் இல்லாமல் அரையாண்டுப் பரீட்சை வரை தள்ளியது, அத்தனைக்கும் நடுவில் மேல்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. அந்த இடத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கூட்டத்தில் கங்கம்மாவும் இருந்தாள். சின்ன மகள் கோலாட்டம் ஆடுகிறாள் என்று பார்க்க வந்தவள். அவளும் சிரித்த முகத்தோடு கை தட்டினாள். ரத்தினபாய்க்கு அடுத்த வரி எங்கே என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, நேராக அவர்கள் வீட்டுக்குப் போனாள். காந்திமதி தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். துள்ளி எழுந்தாள்.

"வாங்க டீச்சர்! அம்மா, டீச்சர் வந்துகீறாங்க, டீ போடு."

"ஜூன்ல வந்துடு காந்தி. உனக்குத்தான் முதல் சீட். ஒரு வருஷம்தானே போச்சு."

"வேணாம் டீச்சர்." அவள் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "இப்ப நான் காலர் தைக்கிறேன். லைன்ல என்னியத்தான் ஃபாஸ்ட்டுன்றாங்க. அம்மாக்கு இடுப்பு வலி, கல்லு தூக்க முடியல. நான் நின்னுட்டா எப்டி?"

"என்னாலதான் இப்படி ஆச்சு."

"ஐய, நீங்க நல்லதுதான டீச்சர் சொன்னீங்க. ஆர்டர் வராததுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று சிரித்தாள் காந்திமதி.

திட்டியிருந்தால் ரத்தினபாய் தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. "இல்லம்மா. உன் நல்லதுக்குன்னு மட்டும் நான் சொல்லல. நீ போயிட்டா மத்த பிள்ளைங்களும் போயிடுவாங்க, பிளஸ் ஒன் கைவிட்டுப் போயிடும்னு பயந்தேன். சாம்பசிவன் சார் அன்னைக்கே உன்னை அனுப்பிடச் சொன்னாரு. நான்தான் கேக்கல."

காந்திமதியின் கையில் சீப்பு அப்படியே நின்றது. "சார் சொன்னாரா?" என்றாள். பிறகு குனிந்து சிக்கெடுக்கத் தொடங்கினாள்.

கங்கம்மா டீ தம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. தம்ளரை ரத்தினபாயின் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஆறிடும், குடிங்க" என்று மட்டும் சொல்லி உள்ளே போனாள். டீச்சரம்மா என்று அன்று அவள் வாயில் வரவில்லை.

ஜூனில் பிளஸ் ஒன் தொடங்கியது. முதல் நாள் மணியடித்த பிறகும் ரத்தினபாய் கேட்டருகே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். காந்திமதி வரவில்லை. அதன்பிறகு கங்கம்மா வழியில் எதிர்ப்பட்டால் தலையசைப்பாள். நின்று பேசுவதில்லை.

அடுத்த வருடம் பத்தாவது ரிசல்ட் வந்த சமயம், காமர்ஸ் குரூப்பும் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டது. படப்பைப் பக்கத்துக்காரர் ஒருவர், அங்கேயே பத்தாவது முடித்த மகனோடு வந்து, அதற்காகக் காத்திருக்கலாமா என்று கேட்டார்.

"வரும்னுதான் சொல்றாங்க," என்றாள் ரத்தினபாய். "நீங்க காத்திருக்காதீங்க. இன்னைக்கே தாம்பரத்துல சேர்த்துடுங்க."

"டீச்சர், நமக்குப் பிள்ளைங்க வேணாமா?" என்று சாம்பசிவன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

ரத்தினபாய் பையனின் டி.சி.யில் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, அவன் அப்பாவிடம் கொடுத்தாள்.