இருநூற்றைம்பது பேர் வரை

1.
காலை எட்டு ஐம்பது. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு காலி அட்டைப்பெட்டி கிடந்தது. வைஃபை பெட்டி வந்த அட்டை. 'இருநூற்றைம்பது பேர் வரை' என்று அதில் அச்சிட்டிருந்தது. புனைவில் எனக்கு ஒரு போட்டியாளர் இருப்பதை அன்றுதான் அறிந்தேன். இந்தக் கதை அந்தப் பொறாமையில் பிறந்தது.

2.
கூரையில் ஒரு பச்சை விளக்கு, விடிவெள்ளியைப் போல

(அடித்துவிட்டேன். அது வைஃபை பெட்டி. விளக்கு எரிகிறது. போதும்.)

பயிற்சி நிலையத்தின் கூடத்தில் எண்பது பேர் பத்து மணிக்குக் கணினியில் தேர்வு எழுத வேண்டும். இணைப்பு அறுந்தால் விடை போய்ச் சேராது. மறுவாய்ப்பு கிடையாது. இணைப்புக்குப் பொறுப்பானவள் ஒரு பெண். நிலையத்தின் இயக்குநர் அவளுக்குச் சித்தப்பா. வீட்டில் மட்டும்.

3.
ஒரு பெட்டி எத்தனை பேரைத் தாங்கும்? இந்த வேலைக்கு நாற்பது என்பாள். (சுவரையும் தூரத்தையும் பார்த்து அதையும் குறைப்பாள்.) பெட்டி ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் பேசும். ஒரே ஜன்னல் உள்ள அலுவலகத்தின் முன் இருநூற்றைம்பது பேர் நிற்கலாம். நிற்பதை யார் தடுத்தார்கள்?

இயக்குநர் நேற்றுத் தானே சோதித்தார். எண்பது பேரைக் கூடத்தில் உட்கார்த்திக் கைபேசிகளை இணைக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் வைஃபை குறி வந்தது. யாரும் எதையும் திறக்கவில்லை. கைதட்டினார்கள்.

"எல்லாருக்கும் கெடச்சிருச்சுல்ல? அப்புறம் என்னம்மா?"

"வண்டியில ஏறிட்டாங்க சார். வண்டி நகரணுமே."

(இவ்வளவு அசட்டு இயக்குநரை யார் நம்புவார்கள் என்று தயங்கினேன். குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.)

4.
நிலையத்தில் இன்னொரு பெட்டி உண்டு. இயக்குநர் அறையில். அதைப் பயன்படுத்துவோர்: ஒருவர். அதைக் கூடத்தின் மறுகோடியில் மாட்டினால் பெட்டிக்கு நாற்பது பேர். நேற்றே கேட்டாள். தேர்வு முடியட்டும், பார்க்கலாம் என்றார்.

முடிவு அ: அவர் மனம் திருந்துகிறார். (எழுத முயன்றேன். பேனாவே சிரித்தது.)

முடிவு ஆ: அவள் வாயை மூடிக்கொள்கிறாள். எண்பது பேரும் ஒரே நொடியில் விடையை அனுப்புகிறார்கள். பிறகு ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் ஒரு பத்தி எழுத, நீங்கள் தலையாட்ட

(வேண்டாம்.)

முடிவு இ: ஒன்பது இருபது. அவள் ஏணியோடு, கதவைத் தட்டாமல், இயக்குநர் அறைக்குள் போகிறாள். அவர் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார். தடையில்லாமல் ஓடுகிறது.

"சித்தப்பா, கொஞ்சம் நகருங்க."

அலுவலகத்தில் முதல்முறையாக அந்தச் சொல். ஏறுகிறாள். பெட்டியின் திருகாணியில் கை வைக்கிறாள். அதைக் கழற்றுவது என் வேலையில்லை. திருப்புளியை உங்களிடம் தருகிறேன். நாற்பது நிமிடம் இருக்கிறது.

இயக்குநர் நாற்காலியை நகர்த்தவில்லை. அண்ணாந்து பார்க்கிறார்.

"சரிம்மா, அவங்க எண்பது பேருக்கு ரெண்டு பெட்டி. அப்ப எனக்கு?"