மூன்றாவது கம்ப்யூட்டர்

கண் டாக்டர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். "பத்து மணிக்கு நான் பேஷண்ட் பார்க்க உக்காரும்போது உன் புரோகிராம் ஓடணும். இல்லேன்னா வெளிக் கம்பெனிக்காரங்களை வரச் சொல்லிடுவேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் புரோகிராமர் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். சொன்னது நாத்தனார் ஆயிற்றே! கல்யாணமாகி நாலு வருஷமாக யாரிடமும் அவளை "தம்பி பொண்டாட்டி" என்று மட்டுமே சொல்கிற நாத்தனார். இன்றைக்குக் கோட்டை விட்டால் ஆயுசுக்கும் அந்தப் பட்டம்தான்.

டாக்டர் அறையிலிருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் நோயாளியின் கண் படம் பளிச்சென்று திறந்தது. அவளுடைய மேக்கிலும் திறந்தது. வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டர் மட்டும் முரண்டு பிடித்தது. பார்த்தால், அதில் இருப்பது விண்டோஸும் இல்லை, மேக்கும் இல்லை; லினக்ஸ்.

"அடக் கடவுளே!" என்று தலையில் கை வைத்தாள். படத்தைத் திறக்கும் கட்டளை மூன்றுக்கும் வேறு வேறு. இவளோ, விண்டோஸ் இல்லையென்றால் மேக்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு பதினேழு இடத்தில் எழுதி வைத்திருந்தாள். மகாராணிக்கு உலகத்தில் இரண்டே வகைக் கம்ப்யூட்டர்தான்!

மணி ஒன்பதே கால். பதினேழு இடத்திலும் 'நீ லினக்ஸா?' என்று செருக ஆரம்பித்தாள். பின்னால் பரிசோதனை மேஜையில் ஒரு பெரியவர் கதை அளந்துகொண்டிருந்தார்.

"நான் கப்பல் கேப்டன்மா. எனக்கா கண்ணு தெரியாது?"

"கேப்டனாவே இருங்க சார். இந்த வரி தெரியுதா?" என்றாள் பரிசோதிக்கும் பெண்.

"...எந்த வரி?"

புரோகிராமருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பொறியும் தட்டியது. நீ யார் என்று எதற்குக் கேட்க வேண்டும்? இந்தக் கட்டளை உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டால் போதாதா? பதினேழையும் துடைத்தெறிந்தாள். மூன்று கட்டளைகளையும் ஒரே இடத்தில் வைத்து, எது இருக்கிறதோ அதைக் கொண்டு திறக்கச் சொன்னாள்.

ஒன்பது ஐம்பதுக்கு, "வந்துடுச்சு மேடம்!" என்று வரவேற்புப் பெண் கூவினாள்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "நாளைக்கு இந்த மூணுல வேற ஒண்ணை இங்க மாத்தி வச்சா?"

"அதுகிட்டயும் கேட்டுக்கும் அண்ணி."

டாக்டர் போனை எடுத்து வெளிக் கம்பெனியைக் கூப்பிட்டார். "நீங்க வர வேண்டாங்க. எங்க வீட்டுப் பொண்ணே எழுதிட்டா. பயங்கரக் கெட்டிக்காரி."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எவ்வளவு அடக்கியும் கண் நிறைந்துவிட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பிய டாக்டர் பதறினார். "என்னம்மா, கண்ணுல இப்படித் தண்ணி கொட்டுது? ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டிருந்தா இப்படித்தான். கேப்டன் சார் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும். நீ உள்ள வா!"