லாந்தருக்கு உப்புப் பார்த்த நாள்

"நான் சொல்றத முடிக்க விடுங்க அக்கா, ஒரே ஒரு ஆளுக்குத்தான்—"

"ஒரு ஆளுன்னா அது ஆளில்லையா—"

"—அதுவும் குறிப்ப வாசிக்காத ஆளு—"

"—வாசிக்கலன்னா அவ எழுதுன கடிதத்த உன் புரோகிராம் தின்னுருமா?"

தேத்தண்ணித் தட்டோடு வந்த லெஸ்லி அறை வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவி ரொஷானி குரலை உயர்த்தினால் பல்லேபொல ஊரில் பாதிக்குக் கேட்கும். எதிரே இருந்த றிகாஸும் லேசுப்பட்டவன் அல்ல. கலேவெலவில் வாப்பாவின் ஹாட்வெயார் கடையில் பேரம் பேசிப் பேசியே முற்றிய வாய்.

சண்டை லாந்தரைப் பற்றியது. லாந்தர் என்பது கணினியில் மின்னஞ்சல் எழுதவும் வாசிக்கவும் உதவும் ஒரு புரோகிராம். அதற்கு முதலாளி கிடையாது. பல நாட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். வேண்டியவர்கள் காசில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் ஐந்தாம் பதிப்பு அன்று சாயங்காலம் வெளிவருவதாக உலகத்துக்கே அறிவித்தாயிற்று. இந்த முறை பொறுப்பு ரொஷானியுடையது. அவள் "விடலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் விடுவார்கள்.

பதிப்பின் உயிரோ றிகாஸின் கைவேலை. பழைய லாந்தரில் ஒரு கடிதத்தைத் தேடினால் அது முக்கி முனகித்தான் எடுத்துத் தரும். கடிதங்களைச் சேர்த்து வைக்கும் பகுதியை அவன் புதிதாக எழுதியிருந்தான். கேட்டு வாய் மூடுமுன் கடிதம் முன்னால் நிற்கும். அந்த ஒரு வார்த்தையை நேரில் கேட்பதற்கென்றே பஸ் ஏறி வந்திருந்தான்.

காலையில் வில்கமுவயிலிருந்து ஷெரோமி போன் பண்ணினாள். அங்கே விவசாயச் சங்கமொன்றில் வேலை செய்கிறவள், லாந்தரின் பரிசோதகர்களில் ஒருத்தி. அவள் வீட்டில் சிக்னல் இல்லை. கடிதங்களை வீட்டில் எழுதி வைப்பாள். மோட்டார் சைக்கிளில் சிக்னல் கிடைக்கும் சந்திக்குப் போகும்போது அனுப்புவாள். அதுவரை அவை அவுட்பாக்ஸில் கிடக்கும். நேற்று ஐந்தாம் பதிப்பைப் போட்டுப் பார்த்தாளாம். கிடந்த கடிதங்கள் போய்ச் சேரவும் இல்லை, பெட்டியில் இருக்கவும் இல்லை.

"எத்தன பேர் உப்புப் பாத்தாங்க!" என்றான் றிகாஸ். "நீங்களும் பாத்தீங்க. யாருக்காவது ஒன்னு தொலஞ்சிச்சா?"

அது இவர்கள் கூட்டத்து வழக்கம். புதுப் பதிப்பை ஊருக்குக் கொடுக்குமுன் அவரவர் சொந்தக் கடிதப்பெட்டியை அதில் திறந்து பார்க்கவேண்டும். 'உப்புப் பார்க்கிறது' என்று ரொஷானி பெயர் வைத்தாள். இப்போது கூட்டத்திலிருக்கும் போலந்துக்காரர்கூட "உப்பு சரி" என்றுதான் எழுதுகிறார்.

"தொலையாது. ஏன்னு சொல்லு பாப்போம்."

"நான் எழுதின கோட் நல்லா ஈக்குது, அதான்."

"உப்புப் பாக்கிறவங்களுக்கு நீ எழுதுன குறிப்புல முதல் வரி என்ன?"

றிகாஸ் தாடியைச் சொறிந்தான். "அவுட்பாக்ஸ்ல ஈக்கிறத முதல்ல அனுப்பி முடிச்சிருங்கன்னு... அது சும்மா ஒரு ஒழுங்குக்கு எழுதினது அக்கா."

"அந்த ஒழுங்குதான் நம்மளக் கெடுத்திருக்கு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்றாங்கன்னு வீட்டக் கூட்டித் தொடச்சு வைக்கிற மாதிரி, எல்லாரும் பெட்டியத் தொடச்சு வச்சிட்டுத்தான் உன் புரோகிராம உள்ள கூப்பிட்டோம். நானுந்தான். கூட்டாத வீட்டுக்குள்ள வந்தா அது என்ன செய்யும்னு ஷெரோமி ஒருத்திதான் பாத்திருக்கா."

"அப்ப அதே வரிய கொட்ட எழுத்துல போட்டு விடுவோம். அடுத்த கிழம திருத்திக்கிறேன்."

"மழ பேஞ்சா எல்லாரும் வெளிய போயிருங்கன்னு போர்ட மாட்டி வீடு விப்பியா நீ?"

"வெல கொறச்சலா இருந்தா வாங்க ஆளிருக்கும்," என்றார் லெஸ்லி.

"நீங்க தேத்தண்ணிய வச்சிட்டு முத்தத்துல காயுற மிளக அள்ளுங்க. மழைக்கு மானம் கறுக்குது."

லெஸ்லி தட்டை வைத்தார். மிளகு அள்ளத்தான் போகவில்லை.

றிகாஸ் எழுந்துவிட்டான். "எனக்கென்ன சம்பளமா தாறீங்க? கடையில வாப்பாட்ட ஏச்சு வாங்கி வாங்கி எழுதினேன். இப்ப நிறுத்தினா என்ட பேர்தான் நாறும். நிறுத்துறதுன்னா நான் எழுதின கோடையும் எடுத்துருங்க. நான் பஸ்ஸுக்குப் போறேன்." பையைத் தோளில் மாட்டினான்.

நிறுத்துவதா வேண்டாமா என்ற சந்தேகம் ரொஷானிக்குத் துளியும் இருக்கவில்லை. ஆனால் சம்பளமில்லாத வேலையில் ஒருவனைக் கட்டிப்போடக் கயிறு ஏது? போகிறவன் போவான். அவன் எழுதியது இல்லாமல் ஐந்தாம் பதிப்பு ஈயம் பூசிய பழைய சட்டிதான். பதிப்பை நிறுத்தவும் வேண்டும், இவனை நிறுத்தி வைக்கவும் வேண்டும்.

"தாராளமாப் போ," என்றாள். "போறதுக்கு முன்ன ஒருக்கா உப்புப் பாத்துட்டுப் போ. பெட்டியக் கூட்டாம."

"பாத்தாப் போச்சு!"

பையிலிருந்து மடிக்கணினியை வெடுக்கென்று எடுத்து, இணையத்தைத் துண்டித்து, பழைய லாந்தரில் 'சோதனை' என்று தட்டினான்.

"அது கடிதமா? உள்ளபடி ஒருத்தருக்கு எழுது."

கட்டாரில் இருக்கும் தங்கச்சி றிஸ்மியாவுக்கு எழுதத் தொடங்கினான். முதல் வரி முறைப்பாகத்தான் வந்தது. பிறகு, தனக்குப் பிறந்த பிள்ளை யாரைப்போல என்று உம்மாவும் மாமியும் பிடித்த சண்டை வந்தது; வாப்பா கடையில் எல்லோருக்கும் தொதல் இனிப்புப் பங்கிட்டது வந்தது. தன்னை மறந்து சிரித்துச் சிரித்து எழுதினான். கடிதம் அவுட்பாக்ஸில் போய் உட்கார்ந்தது.

இனி ஐந்தாம் பதிப்பை ஏற்றவேண்டியதுதான். அவன் கை அந்தப் பொத்தான்வரை போயிற்று. போனது திரும்பி வந்தது. கடிதத்தை மறுபடி திறந்து, முழுவதையும் பிரதி எடுத்து, வேறொரு இடத்தில் ஒட்டினான்.

"என்ன செய்ற?"

"ஒன்னுமில்லையே."

"கொப்பி எடுத்தியா?"

றிகாஸ் திரையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான்.

"உப்புப் பாக்க வந்தவன் வாய் கொப்பளிக்கத் தண்ணியோட வந்திருக்கான்," என்றார் லெஸ்லி.

முதலில் சிரித்தது றிகாஸ்தான். "அல்லாஹ்வே! என்ட கையே என்ட கோட நம்பல்ல, பாத்தீங்களா அக்கா?"

சிரித்தபடியே பொத்தானை அழுத்தினான். புதிய லாந்தர் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது. அவுட்பாக்ஸ் துடைத்த தரைபோல் இருந்தது. சிரிப்பு நின்றது. பையை நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு, தான் எழுதிய பகுதியைத் திறந்து குனிந்துகொண்டான்.

ரொஷானி தன் கணினியில் அறிவிப்பைத் தட்டிக்கொண்டே உரக்க வாசித்தாள். "லாந்தர் ஐந்து இன்று வராது. அனுப்பக் காத்திருக்கும் கடிதங்கள் அதில் தொலைகின்றன. கண்டுபிடித்தவர் ஷெரோமி. நிறுத்தியவர் ரொஷானி."

"என்ட பேரு?"

"நாறும்னு சொன்னியே."

"போடுங்க அக்கா. திருத்துறவர் றிகாஸ்னு போடுங்க."

போட்டாள். லெஸ்லி ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு புதிதாகச் சுட வைக்கப் போனார். ரொஷானி விசைப்பலகையில் விரலை வைத்தபடி றிகாஸின் பக்கம் திரும்பினாள்.

"சரி தம்பி, எத்தன நாளையிலன்னு போட?"